அளவு ஜாக்கெட்டும் அளவு உடம்பும்: ஆயத்த ஆடை பற்றிச் சில குறிப்புகள்

1

திண்டுக்கல்லில் ஒரு ரெடிமேட் துணிக்கடையில் நடந்த பேச்சிலிருந்து தொடங்கலாம். கடையின் பெயர் தேவையில்லை. எந்தக் கடையிலும் நடக்கக்கூடியதுதான். எனக்கு உயரம் நாலு அடி பத்து அங்குலம். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. சுடிதார் டாப்ஸ் ஒன்று எடுக்கப் போயிருந்தேன். 'மீடியம்' போட்டால் மார்புக்குச் சரியாக இருக்கிறது. ஆனால் தோள் இறங்கித் தொங்குகிறது, இடுப்புக்கென்று வளைத்துத் தைத்த இடம் பின்புறத்தின் மேல் வந்து உட்காருகிறது, முழங்காலுக்குக் கீழே அரை அடி துணி. 'ஸ்மால்' போட்டால் நீளம் கொஞ்சம் பரவாயில்லை; மார்பு பிடிக்கிறது, கை உள்ளே ஏற மாட்டேன் என்கிறது. நாலைந்து போட்டுப் பார்த்து வெளியே வந்ததும் விற்பனைப் பெண் அக்கறையோடுதான் சொன்னாள்:

"அக்கா, உங்க ஹைட்டுக்கு லேடீஸ்ல கிடைக்கிறது கஷ்டம்க்கா. மேல மாடில கிட்ஸ் செக்சன் இருக்கு. பதினாலு வயசு சைஸ் பாருங்களேன்."

சொன்ன பெண்ணும் என் உயரம்தான் இருப்பாள். கடையில் கொடுத்திருந்த ஓவர்கோட்டின் கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டிருந்தாள். "நீ எங்கம்மா எடுக்கிறே?" என்று கேட்டேன். "நானும் அங்கதாங்க்கா. எடுத்துட்டுப் போயி மார்புல பிரிச்சு விட்டுக்குவேன்" என்றாள்.

இது துணிக்கடைச் சமாச்சாரம், இதுக்குப் போயி ஒரு கட்டுரையா என்று கேட்கலாம். ஆனால் வளர்ந்த இரண்டு பெண்கள் தங்களுக்குத் துணியில்லை என்று ஒத்துக்கொண்டு, பதினாலு வயதுப் பிள்ளைகளின் அலமாரிக்குப் போவதை இயல்பாக எடுத்துக்கொள்கிறோம் என்றால், அந்த 'இயல்பு' எப்படிக் கட்டமைக்கப்பட்டது என்று பார்க்கத்தான் வேண்டும். 'குட்டை' என்ற சொல் யாருடைய அளவிலிருந்து பிறக்கிறது? துணிக்கும் உடம்புக்கும் ஒத்துவரவில்லை என்றால் தப்பு எப்போதும் உடம்பின் தலையில் விழுவது எப்படி?

2

ஆயத்த ஆடை எப்படி வெட்டப்படுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். தொழிற்சாலையில் ஒவ்வொரு சைஸுக்கும் ஒரு உடம்பை வைத்து அளப்பதில்லை. நடுவாந்தரமான ஒரு சைஸுக்கு மூலப் படிவம் ஒன்று தயாராகிறது. அதை 'ஃபிட் மாடல்' எனப்படும் ஒரு பெண்ணுக்குப் போட்டுப் பார்த்துத் திருத்துகிறார்கள். அந்த ஒரு படிவத்திலிருந்து மேலும் கீழும் கூட்டிக் கழித்து மற்ற சைஸ்களை வரைகிறார்கள். இதற்கு 'கிரேடிங்' என்று பெயர். இந்தக் கூட்டல் கழித்தல் பெரிதும் சுற்றளவில்தான் நடக்கிறது. மார்பு, இடுப்பு, சீட்டு எல்லாம் இரண்டு இரண்டு அங்குலமாக ஏறும், இறங்கும். நீளத்தில் பெரிய மாற்றம் இருக்காது. அதாவது எஸ், எம், எல், எக்ஸ்எல் எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரமுள்ள பெண்கள். ஒருத்தி ஒல்லி, இன்னொருத்தி பருமன், அவ்வளவுதான். குட்டையான, ஆனால் ஒல்லியில்லாத பெண் இந்த அட்டவணையில் எங்குமே இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் பிள்ளை பெற்ற பெண்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் இருக்கிறோம்.

உயரம் குறைவு என்றால் கீழே கொஞ்சம் துணி அதிகம் என்றுதான் பொதுவாக நினைக்கிறார்கள். சிக்கல் அங்கே மட்டுமில்லை. உயரம் உடம்பு முழுக்கப் பரவிக் கிடக்கிறது. தோளிலிருந்து மார்புக்கு உள்ள தூரம், மார்பிலிருந்து இடுப்புக்கு, இடுப்பிலிருந்து முழங்காலுக்கு, தோளிலிருந்து மணிக்கட்டுக்கு என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் குறைகிறது. ஆகவே ஆடையில் ஒவ்வொரு இடமும் கொஞ்சம் கொஞ்சம் கீழே இறங்கிவிடுகிறது. மார்புக்குப் பிடித்த டாட் மார்புக்குக் கீழே நிற்கும். கைக்குழி ஆழமாக இருப்பதால் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் டாப்ஸ் முழுக்க மேலே ஏறும். கழுத்து இறங்குவதால் தோளில் ஊக்கு குத்த வேண்டும். பக்கவாட்டுத் திறப்பு இடுப்பில் தொடங்காமல் தொடையில் தொடங்குவதால் மாடிப்படி ஏறும்போது துணி காலைக் கட்டும். பேன்ட்டின் முழங்கால் கெண்டைக்காலில் வந்து சுருங்கும். மேற்கத்தியக் கடைகளில் 'பெட்டிட்' என்று தனியாக விற்பது சின்ன சைஸ் இல்லை. இந்தத் தூரங்களை எல்லாம் குறைத்து, மூலப் படிவத்தையே வேறாக வரைந்து வெட்டியது.

இதனால்தான் ஆல்ட்ரேஷன் பாதி வழிதான் உதவுகிறது. மேற்கு ரத வீதிப் பக்கம் ஒரு சந்தில் எனக்குப் பழக்கமான தையல்காரர் ஒருவர் இருக்கிறார். கடையில் எடுத்த டாப்ஸைக் கொண்டுபோனால் அவர் சொல்வது: "இந்தா பாருங்கம்மா, கீழ எம்புட்டு வேணாலும் வெட்டித் தர்றேன். இடுப்ப மேல தூக்கித் தான்னா எங்கிட்டுத் தூக்குறது? டாட் பிடிச்ச எடம் பிடிச்ச எடந்தான்." பூ வேலைப்பாடு போட்ட ஓரமாக இருந்தால் அதை வெட்டவும் முடியாது. வெட்டினாலும், வெட்டிப் போட்ட துணிக்கும் நாம்தான் காசு கொடுத்திருக்கிறோம், வெட்டுவதற்கும் நாம்தான் கூலி கொடுக்கிறோம்.

வியாபாரிக்கு இதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஐந்து சைஸை மூன்று உயரத்தில் வெட்டினால் பதினைந்து வகையாகிவிடும். பதினைந்தையும் அடுக்க இடம் வேண்டும், முதல் முடங்கும், விற்காதது தேங்கும். 'நீளமா இருந்தா வெட்டிக்கலாம், குட்டையா இருந்தா ஒட்ட முடியாது' என்பது ஜவுளிக்காரர்களின் பழைய கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் வெட்டும் வேலை, கூலி, அலைச்சல் எல்லாம் யார் பக்கம் தள்ளிவிடப்படுகிறது என்று பாருங்கள். உயரமான பெண் வாங்கியதை வாங்கியபடி உடுத்துகிறாள். குட்டையான பெண் வாங்கிய பிறகும் அது முழுசாக ஆடையாவதற்குக் காத்திருக்கிறாள். அவசரத்துக்கு 'ஃப்ரீ சைஸ்' நைட்டி எடுத்தாலும் அதன் ஓரம் தரையைக் கூட்டும். படியில் தடுக்கும். ஃப்ரீ என்றால் யாருக்கு?

3

சரி, இந்த மூலப் படிவத்துக்கு உயரம் எங்கிருந்து வந்தது? இதற்குக் கொஞ்சம் வரலாறு பார்க்க வேண்டும். பெல்ஜியத்து வானியலாளரும் புள்ளியியலாளருமான கெத்லே 1835இல் 'சராசரி மனிதன்' என்ற கருத்தாக்கத்தை முன்வைத்தார். பலருடைய அளவுகளைக் கூட்டி வகுத்தால் வரும் எண், வெறும் எண்ணாக நிற்காமல், மனிதன் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கான மாதிரியாக மாறியது அங்கிருந்துதான். சராசரி என்பது கணக்கு. இயல்பு என்பது தீர்ப்பு. ஒன்று எப்படி மற்றொன்றாக வேடம் கட்டுகிறது என்பதைக் காங்கிலெமும் அவரைத் தொடர்ந்து ஃபூக்கோவும் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். இயல்பாக்கும் அதிகாரம் யாரையும் வெளியே போ என்று சொல்வதில்லை. எல்லோரையும் ஒரே கோலால் அளந்து, யார் எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்று வரிசைப்படுத்துகிறது. மாடியில் கிட்ஸ் செக்சன் இருக்கிறது என்பதும் அப்படி ஒரு வரிசைப்படுத்தல்தான்.

பெண்களின் ஆடை அளவுக்கென்று முதல் பெரிய அளவெடுப்பு அமெரிக்காவில் நடந்தது. தபால் மூலம் துணி விற்ற கம்பெனிகளுக்கு, அளவு சரியில்லை என்று திரும்பி வரும் துணிகளால் பெரும் நட்டம். 1939-40இல் அந்நாட்டு வேளாண்மைத் துறையின் மனையியல் பிரிவு ஏறத்தாழ 15,000 பெண்களை, ஆளுக்கு 59 அளவுகள் வீதம் அளந்தது. முடிவுகள் 1941இல் வெளியாயின. வெள்ளையர் அல்லாத பெண்களின் அளவுகள் கணக்கிலிருந்து விலக்கப்பட்டன. இந்தத் தரவின் அடியொற்றி 1958இல் வணிகத் தர அளவு ஒன்று வெளியிடப்பட்டு, 1983இல் திரும்பப் பெறப்பட்டது. அதன் பிறகு ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோன்றியதை அளவு என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒரு கடையின் எம் இன்னொரு கடையில் எல் ஆவது இதனால்தான்.

இதே அளவெடுப்பையும் பயன்படுத்தி 1940களில் 'நார்மா' என்ற சிலை ஒன்றைச் செய்தார்கள். இயல்பான அமெரிக்கப் பெண் இவள்தான் என்று அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். 1945இல் கிளீவ்லாந்து நகரத்துப் பத்திரிகை ஒன்று, நார்மாவைப் போல அச்சாக இருக்கும் பெண் யார் என்று போட்டி வைத்தது. 3,864 பெண்கள் தங்கள் அளவுகளை அனுப்பினார்கள். ஒன்பது அளவுகளிலும் நார்மாவோடு பொருந்தியவள் ஒருத்தி கூட இல்லை. பெண்களின் உடற்கட்டு கெட்டுவிட்டது என்று வருந்தினார்களே தவிர, சிலை தப்பு என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. துணிக்கடைக் கண்ணாடியின் முன்னால் நின்று "என் உடம்புதான் சரியில்லை" என்று முணுமுணுக்கும் நம் பெண்கள் செய்வதும் இதே பிழைதான்.

4

மேற்கில் 'பெட்டிட்' என்பது பொதுவாக ஐந்து அடி நாலு அங்குலமும் அதற்குக் கீழும். அங்கே அது கடையின் ஒரு மூலை. இங்கே என்ன நிலை? 2005-06ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியப் பெண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 152 சென்டிமீட்டர், அதாவது ஐந்து அடிக்கு ஒட்டி. 145 சென்டிமீட்டருக்கும் கீழே இருப்பவர்கள் 11 சதவீதம். அந்த மூலையின் கணக்கை இங்கே போட்டால் நாட்டுப் பெண்களில் மிகப் பெரும்பான்மையினர் மூலைக்குப் போய்விடுவார்கள், கடை காலியாகிவிடும். பெரும்பான்மையே விதிவிலக்காக நடத்தப்படுவது இங்கேதான். குட்டைப் பெண் என்று தனியாக ஒரு ஜாதி இல்லை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நின்று வத்தலக்குண்டு பஸ்ஸுக்கும் வேடசந்தூர் பஸ்ஸுக்கும் காத்திருப்பவர்களைப் பாருங்கள். அவர்கள்தான் இங்கே சராசரி.

இந்தியாவுக்கென்று பெண்களின் ஆடை அளவு இல்லாத குறையைத் தீர்க்க, மத்திய ஜவுளி அமைச்சகத்தின் ஆதரவில் நிஃப்ட் நிறுவனம் 'இந்தியா சைஸ்' என்ற திட்டத்தை எடுத்துக்கொண்டது. 2018இல் இது அறிவிக்கப்பட்டது. முப்பரிமாண ஸ்கேனர் கொண்டு 25,000 பேரை அளப்பது திட்டம். அதற்குத் தேர்ந்தெடுத்தவை ஆறு நகரங்கள். முயற்சி நல்லதுதான். ஆனால் ஆறு நகரங்களில் எடுத்த அளவுக்குள் நிலக்கோட்டைப் பூத்தோட்டத்தில் குனிந்து பூப்பறிக்கும் பெண்ணும், மில்லில் மூன்று ஷிப்டு மாறி மாறி நிற்கும் பெண்ணும் எவ்வளவு தூரம் இருப்பார்கள் என்று கேட்காமல் இருக்க முடியாது. இன்னொன்று: அளவு எடுத்த பின்னும் அதிலிருந்து ஒரே ஒரு 'இந்தியப் பெண்' வரையப்பட்டால், நார்மாவுக்குப் பொட்டு வைத்த கதையாகத்தான் முடியும்.

இதில் ஒரு முரண்நகை நம் ஊரிலேயே இருக்கிறது. திண்டுக்கல் சமவெளி முழுக்க நூற்பாலைகள். ஏற்றுமதி ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளும் இருக்கின்றன. அங்கே தைப்பவர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள், அவர்களில் தலித் பெண்கள் கணிசமானவர்கள். தைக்கும் ஆடைக்கு அளவுத்தாள் ஒன்று வரும். கழுத்து இத்தனை, தோள் இத்தனை, எவ்வளவு கூடலாம் குறையலாம் என்று அதில் போட்டிருக்கும். அந்த வரம்பைத் தாண்டினால் பீஸ் 'ரிஜக்ட்'. அரை அங்குலத் தவறு அங்கே குற்றம். அதே ரிஜக்ட் பீஸ்கள் மலிவு விலைக்கு நம் ஊர்த் தெருவோரங்களில் குவியும்போது, தைத்த பெண்ணே வந்து புரட்டிப் பார்க்கிறாள். அப்போது அவள் உடம்புக்கும் துணிக்கும் இடையில் உள்ள நாலு அங்குல வித்தியாசம் துணியின் குற்றமாகக் கணக்கில் வருவதில்லை. யாருடைய உடம்புக்காக அந்த அளவுத்தாள் எழுதப்பட்டதோ அவளை இவள் பார்த்ததே கிடையாது.

இந்தப் பெண்கள் தங்கள் உடம்பு பற்றிப் பேசவே முடியாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 2021 ஜனவரியில் இந்த வட்டாரத்தில் தலித் பெண் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, பெண்கள் தலைமையேற்ற தொழிற்சங்கம் நடத்திய போராட்டத்தால் 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தானது. வேலைத்தளத்தில் பாலியல் வன்முறைக்கும் சாதிப் பாகுபாட்டுக்கும் எதிரான ஒப்பந்தம் அது. வெளிநாட்டு ஆடைக் கம்பெனியும் அதில் கட்டுப்பட்டது. உயிர் பிரச்சினையும் உடுப்புப் பிரச்சினையும் ஒன்றல்ல, தெரியும். ஆனால் தொழிற்சாலைக்குள் ஒரு பெண்ணின் உடம்பு எப்படி நடத்தப்பட வேண்டும் என்பதை அவளே எழுத்தில் போட்டுக் கையெழுத்து வாங்க முடியும் என்பதை அது காட்டியது.

5

மறுபக்கம் பார்ப்போம். துணியை உடம்புக்கேற்பத் திருத்தும் மரபு ஒன்று இங்கே ஏற்கெனவே இருக்கிறது. திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் ஐந்தரை மீட்டர், பன்னா சுமார் நாற்பத்தைந்து அங்குலம். இந்தப் பன்னா எந்தப் பெண்ணின் இடுப்பு உயரமும் இல்லை. எல்லோருக்குமே அதிகம்தான். அதிகமானதை இடுப்பில் உள்ளே செருகுகிறோம். என்னைப் போன்றவள் கால் கெஜம் செருகுவாள், உயரமானவள் நாலு விரல் செருகுவாள். சுற்றளவு கூடினால் கொசுவத்தில் ஒரு மடிப்பு குறையும். வயல் வேலைக்குப் போகும் பெண் பின்கொசுவம் வைத்து ஏற்றிக் கட்டினால் அதே சேலை கணுக்காலுக்கு மேலே நிற்கும். ஆல்ட்ரேஷன் தினமும் காலையில் உடுத்தும்போதே நடக்கிறது. கூலி கிடையாது, வெட்டி எறியும் துணியும் கிடையாது. அதைவிட முக்கியம், யாரும் யாரையும் பார்த்து உனக்குச் சேலை இல்லை என்று சொல்வதில்லை.

தைத்த துணியிலும் இந்த அறிவு இருந்தது. பெண் பிள்ளைகளுக்குப் பாவாடை தைக்கும்போது அடியில் இரண்டு மூன்று டக்ஸ் பிடித்துத் தைக்கச் சொல்வார்கள். வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டால் பிள்ளையோடு பாவாடையும் வளரும். "உள்ளாற துணி விட்டு அடிங்க" என்பது எங்கள் அம்மா எந்தத் தையல்காரரிடமும் முதலில் சொல்லும் வார்த்தை. உடம்பு மாறும், துணி அதற்கு இடம் வைத்திருக்க வேண்டும் என்பது அதற்குள் இருக்கும் கோட்பாடு.

பிறகு அளவு ஜாக்கெட். புது ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது, நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைக் கூடவே கொடுக்கிறோம். "அளவு ஜாக்கெட் கொண்டு வந்தீங்களா?" என்றுதான் தையல்காரர் கேட்பார். தொட்டு அளக்கும் சங்கடம் இல்லை என்பது ஒரு காரணம். அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. இங்கே அளவுகோல் என்பது அந்தப் பெண் ஏற்கெனவே உடுத்தி, வேர்த்து, கையைத் தூக்கி, பிள்ளைக்குப் பால் கொடுத்து, 'இது எனக்குச் சரி' என்று அவளே முடிவு செய்த ஒரு துணி. வெளியிலிருந்து வரும் அட்டவணைக்கு அங்கே இடமில்லை. தையல்காரர் நோட்டில் துண்டுத் துணியைக் குத்தி, பக்கத்தில் 'தோள் கால் இஞ்ச் குறை' என்று எழுதுவதோடு சரி. ரெடிமேடில் அளவு உடம்பு முதலில் வருகிறது, நம் உடம்பு அதற்குப் பின்னால் வந்து நிற்கிறது. அளவு ஜாக்கெட்டில் நம் உடம்பு முதலில்.

இதைச் சொல்வதால், எல்லோரும் சேலைக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்கூட்டி ஓட்டுகிறவளும் மில்லில் மெஷினுக்கு இடையில் ஓடுகிறவளும் சுடிதாருக்கு மாறியது நல்ல காரணத்தோடுதான். தவிர, அந்தக் காலத்தில் துணி எல்லோரிடமும் தாராளமாக நடந்துகொண்டது என்பதும் பொய். துணியின் நீளத்தைச் சாதி அளந்தது. 1930இல் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது விதித்த தடைகளை ஹட்டன் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது, பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது என்பன அவற்றில் அடக்கம். தென் திருவிதாங்கூரில் தோள்சீலைக்காக 19ஆம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. ஆகவே, கடையில் போய், காசு கொடுத்து, யார் கேள்வியும் இல்லாமல் எந்தத் துணியையும் எடுத்து உடுத்தலாம் என்பது பலருக்குப் போராடிக் கிடைத்த உரிமை. ரெடிமேட் கடை அந்த வகையில் ஒரு சனநாயக இடம். அந்த இடத்துக்குள் நுழைந்த பிறகும் உனக்கு அளவு இல்லை என்று சொல்வதால்தான் அது உறுத்துகிறது.

6

இனிச் சங்கடமான கேள்விக்கு வருவோம். நாம் ஏன் இந்த உயரத்தில் இருக்கிறோம்? 'குடும்ப வாகு' என்று சொல்லி முடித்துவிடலாம். வாகு உண்மைதான். ஆனால் ஒரு சமூகத்தின் சராசரி உயரத்தில் சிறு வயதில் கிடைத்த சோறும், வந்துபோன நோயும், தாயின் உடல்நிலையும் எழுதப்பட்டிருக்கின்றன. மேலே சொன்ன அதே குடும்பநல ஆய்வின் தரவுகளை வைத்து ஆங்கஸ் டீட்டன் 2008இல் ஒரு கட்டுரை எழுதினார். இந்தியாவில் ஆண்களின் சராசரி உயரம், பெண்களின் உயரத்தைவிட மூன்று மடங்குக்கும் அதிகமான வேகத்தில் கூடியிருக்கிறது என்பது அவருடைய முடிவுகளில் ஒன்று. ஒரே வீடு, ஒரே அடுப்பு. அண்ணன் வளர்ந்த அளவுக்குத் தங்கை வளரவில்லை. யார் தட்டில் முட்டை விழுந்தது, யார் கடைசியில் சட்டியைச் சுரண்டினார் என்பது இந்த எண்ணுக்குள் இருக்கிறது. 1956இல் காமராஜர் ஆட்சியில் தொடங்கி 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிவடைந்த மதிய உணவுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரே பந்தி என்பதால், வீட்டுப் பந்தியின் பாரபட்சம் ஒரு வேளைக்காவது அங்கே செல்லாமல் போனது.

அப்படியானால் குட்டை என்பது குறைதானே என்று ஒருவர் கேட்கலாம். இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்குப் போதிய சோறு கிடைக்காமல் ஒரு தலைமுறையின் உயரம் தடைப்பட்டது என்றால், அது அரசுக்கும் சமூகத்துக்கும் குடும்பத்துக்கும் எதிரான குற்றச்சாட்டு. அதை அங்கே போய்த்தான் வைக்க வேண்டும். அந்தக் குற்றச்சாட்டைத் திருப்பி, வளர்ந்து முடித்த ஒரு பெண்ணின் மேல், கடைக் கண்ணாடியின் முன்னால் வைப்பது அநியாயம். பசியால் ஒரு முறை குறைக்கப்பட்டவள், துணியால் இன்னொரு முறை குறைக்கப்படுகிறாள். அடுத்த தலைமுறை உயரமாக வளர வேண்டும் என்று கேட்பதும், இருக்கிற உயரத்துக்கு இன்று துணி வேண்டும் என்று கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. வளரும் பிள்ளைக்கு டக்ஸ் பிடித்தவர்களுக்கு இது தெரியும். பாவாடை இன்றைக்கும் பொருந்த வேண்டும், நாளைக்கும் இடம் இருக்க வேண்டும்.

7

முடிந்துபோன அநியாயத்தைத் தையல் மெஷினால் சரிசெய்ய முடியாது. செய்யக்கூடியவற்றைச் சொல்லலாம். உயரத்தை அளவில் சேர்ப்பது நடக்காத காரியமில்லை. சீனாவில் பெண்களின் ஆடைப் பட்டியில் 160/84A என்பது போல அச்சிட்டிருக்கும். முதல் எண் உயரம், இரண்டாவது மார்புச் சுற்று, எழுத்து உடல்வாகு. ஜப்பானின் தர அளவில் பெண்களுக்கு நான்கு உயரங்கள் இருக்கின்றன: 142, 150, 158, 166 சென்டிமீட்டர். 142 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண் அங்கே குழந்தைகள் பகுதிக்கு அனுப்பப்படுவதில்லை, அவளுக்கென்று ஒரு குறியெழுத்து இருக்கிறது. பதினைந்து வகை அடுக்க இடமில்லை என்று சொல்லும் கடைக்காரர்கள் இரண்டு உயரத்தில் தொடங்கலாம். குறைந்தபட்சம், இந்தத் துணி எந்த உயரத்துக்கு வெட்டியது என்று கழுத்துப்பட்டியில் ஒரு எண் போடலாம். அந்த எண் இருந்தால் பொருந்தாமல் போவது என் உடம்பு இல்லை, 165 சென்டிமீட்டருக்கு வெட்டிய துணி என்பதாவது தெரியும்.

இன்னொரு வழி நம் தெருவிலேயே இருக்கிறது. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் அரசு கொடுக்கும் இலவசத் தையல் இயந்திரத்தை வாங்கி, வீட்டுத் திண்ணையில் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் பெண்கள் இந்தச் சமவெளியில் ஊர் ஊருக்கு இருக்கிறார்கள். ஏற்றுமதித் தொழிற்சாலையில் வருஷக்கணக்காக வேலை பார்த்து, படிவம் வரையவும் கிரேடிங் போடவும் கற்றுக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டு அறிவும் எங்காவது ஒன்று சேர்ந்து, நாலு அடி எட்டிலிருந்து ஐந்து அடி ஒன்று வரைக்கும் என்று ஒரு மூலப் படிவம் வரைந்தால், வாங்க ஆள் இல்லாமல் போகாது. இங்கே அதுதான் சராசரி.

நான் அன்றைக்குக் கிட்ஸ் செக்சனுக்குப் போகவில்லை. மெயின் ரோட்டில் இரண்டரை மீட்டர் காட்டன் துணி வாங்கிக்கொண்டு, தையல்காரரிடம் அளவு டாப்ஸோடு கொடுத்தேன். பத்து நாள் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். பத்து நாள் காத்திருக்கவும், இருமுறை அலையவும் எனக்கு முடிகிறது. ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவளுக்கு அது முடியாது. அவளுக்குத்தான் கடையிலேயே, எடுத்தவுடன் உடுத்துகிற மாதிரி ஒரு துணி வேண்டும்.